கார் ஷெட் வீட்டோடு ஒட்டி இருக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்க உட்கார வேண்டாம்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மினியாபொலிஸிலிருந்து போன் பண்ணினான். "டீச்சர், வீடு வாங்கப் போறேன். ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம். ஒண்ணுல கேரேஜ் வீட்டோட ஒட்டி இருக்கு. இன்னொண்ணுல கொல்லைப்பக்கம் தனியா இருக்கு. நீங்க எட்மன்டன்ல ரெண்டு குளிர்காலம் இருந்துட்டு வந்தீங்களே, எது நல்லது?" என்றான். எட்டாம் வகுப்பில் நான் வெப்பம் பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். முப்பது வருஷம் கழித்து அதே பாடத்தில் சந்தேகம் கேட்கிறான். பரவாயில்லை, கேட்டானே!

அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. கால்கரி, டொரோன்டோ, ஹெல்சின்கி என்று நீங்கள் எங்கெங்கோ இருக்கிறீர்கள். ஊரில் இருப்பவர்களும் நமக்கெதற்கு என்று தள்ளிப் போக வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஆறு மாதம் தங்கப்போவது நாம்தானே.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடுங்குளிர் ஊரில், கைக்குழந்தையோ வயதானவரோ இரவுப் பணிக்குப் போகிறவரோ இருக்கிற வீட்டுக்கு ஒட்டிய கேரேஜ்தான் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை. அதை வீட்டின் இன்னோர் அறையாக நினைக்கக் கூடாது. அது கூரை போட்ட தெரு. அப்படி நினைக்க முடியாதவர்கள் தனி கேரேஜ் உள்ள வீட்டை வாங்கிக்கொண்டு பனி அள்ளுவது மேல்.

நான் ஆரம்பத்தில் இந்தக் கட்சி இல்லை. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அப்பா வீட்டில் மாட்டுக் கொட்டில் தனி, விறகு அடுக்கும் சார்ப்பு தனி, வைக்கோல்போர் இன்னும் தள்ளி. தீப்பிடிக்கிறதும் நாறுகிறதும் வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அதனால் மகன் எட்மன்டனில் முதலில் வாங்கியிருந்த பழைய வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போனது. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், அதைத் தாண்டி தனி கேரேஜ், அதற்குப் பின்னால் சந்து. அந்த ஊரில் இப்படிப் பின்சந்துப் பக்கம் கேரேஜ் வைத்த வீடுகள் நிறைய. பெட்ரோல் டப்பா, பெயின்ட், பனி தள்ளும் எந்திரம் எல்லாம் அங்கேயே கிடக்கும். வீட்டுக்குள் ஒரு வாடை வராது. அப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

ஜனவரி வந்தது. எட்மன்டன் குளிர் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு வாத்தியார் பாஷையில் ஒரு விளக்கம். செல்சியஸ், பாரன்ஹீட் இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அது மைனஸ் 40. வகுப்பில் அதை வெறும் கணக்காகத்தான் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த ஊரில் சில நாள் அது நிஜமாகவே பக்கத்தில் வந்து நிற்கும். மூக்கு முடி உறைந்து குத்தும்.

பின்வாசலிலிருந்து கேரேஜ் கதவு வரை எனக்கு நாற்பத்திரண்டு எட்டு. நம்மூரில் அது ஒரு தூரமே இல்லை. அங்கே அந்த நாற்பத்திரண்டு எட்டுக்கு பூட்ஸ், கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்ட வேண்டும். ராத்திரி பனி கொட்டியிருந்தால் முதலில் பாதையை வழித்துத் தள்ள வேண்டும். என் மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வருவாள். வண்டியை உள்ளே விட்டுவிட்டு அந்தப் பாதையில் நடந்து வருவதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். டிசம்பரில் அந்த நேரத்தில் அங்கே இன்னும் சூரியன் வந்திருக்காது. வாரத்தில் இரண்டு நாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டும் அவள் அதே பாதையில் போவாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை, காலுக்குக் கீழே பனிக்கட்டி.

விழுந்தது அவள் இல்லை, என் வீட்டுக்காரர். மத்தியான வெயிலில் கேரேஜ் கூரைப் பனி லேசாக உருகி, கதவுக்கு நேர் கீழே சொட்டியிருக்கிறது. சாயங்காலம் அது கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. கறிகாய்ப் பை எடுக்கப் போன மனுஷர் மல்லாக்க விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பியது குலதெய்வத்தின் புண்ணியம். மகன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "உங்களை நான்தானேப்பா வரச்சொன்னேன்" என்றான். மறுநாளே ஒட்டிய கேரேஜ் உள்ள வீடுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஒட்டிய கேரேஜின் நன்மைகளை அப்போதுதான் நானும் சரியாக எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்தே வண்டியில் ஏறலாம். ஒரு சுவர் வீட்டுச் சுவர் என்பதால், தனியாகச் சூடேற்றாவிட்டாலும் வெளியைவிடக் குளிர் குறைவு. இது வண்டிக்கும் நல்லது. மைனஸ் 18 டிகிரியில் சாதாரண கார் பேட்டரியின் தள்ளும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்ஜின் எண்ணெயும் அந்த நேரம் பார்த்துக் குழம்பாகக் கெட்டியாகும். அதனால்தான் அந்த ஊர் வண்டிகளின் முன்னால் மின்சார வயர் தொங்கும். இன்ஜினை இளஞ்சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயர் அது. தனி கேரேஜ் என்றால் அங்கே மின்சாரம் கொண்டுபோவதும் தனிச் செலவு, சூடேற்றுவதும் தனிச் செலவு.

ஒரு கேரேஜை நன்றாகச் சூடேற்றினால் வண்டிக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாலையில் போட்ட உப்பு பனியோடு சேர்ந்து வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். உறைந்து கிடக்கும்வரை அது மெதுவாகத்தான் அரிக்கும். சூட்டில் உருகி உப்புத் தண்ணீராக ஒட்டிக்கொண்டிருந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். நம்ம ராமேஸ்வரத்துக்காரர்களைக் கேட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்னவாகும் என்று சொல்வார்கள். ஆகவே கேரேஜ் உறையாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் சூடு வேண்டாம்.

இத்தனையும் சேர்த்து மகன் பக்கம் நான் சாய்ந்துகொண்டிருந்தபோது பிப்ரவரியில் ஒரு விஷயம் நடந்தது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

வீட்டுக்காரரின் மாவுக்கட்டுக் கையோடு கால்கரியில் உறவுக்காரப் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். சுமார் முந்நூறு கிலோமீட்டர். அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அழகான புது வீடு, முன்பக்கம் ஒட்டிய கேரேஜ். கேரேஜுக்கு நேர் மேலே இருந்த பெரிய அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய இரண்டு வயதுப் பையன் என்னிடம் கதை கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே தூங்கிவிட்டான்.

காலையில் எனக்குத் தலை கனத்தது. காபி குடிக்காததால் என்று நினைத்தேன். பையன் எழுந்ததும் வாந்தி எடுத்தான். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அப்போது மாடி நடையில் அலாரம் கத்தியது. நான்கு முறை வேகமாக, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு முறை. வீட்டு மாப்பிள்ளை, "பேட்டரி தீர்ந்துபோச்சு போல" என்று ஸ்டூல் போட்டு அதைக் கழற்றப் போனார். அவர் மனைவிதான் கத்தினாள், "கழட்டாதீங்க, எல்லாரும் வெளிய வாங்க!"

பக்கத்து வீட்டில் போய் நின்றோம். தீயணைப்பு வீரர்கள் வந்து கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். எங்கள் அறையில்தான் அளவு அதிகம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "காரை ஸ்டார்ட் பண்ணி விட்டிருந்தீர்களா?" மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார், "பத்து நிமிஷம்தான். பெரிய கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன்."

அவர் படித்தவர், பொறுப்பானவர். என்னை வேலைக்குப் போகும் வழியில் கோவிலில் இறக்கிவிட வேண்டும், வயசானவங்க குளிர்ந்த வண்டியில் உட்கார வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சூடு பண்ணியிருக்கிறார். என்மேல் வைத்த அக்கறையால் வந்த வினை. அந்தப் பையன் எழாமல் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தால் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன்.

சரி, திறந்த கதவு வழியாகப் புகை ஏன் வெளியே போகவில்லை? இங்கே ஆறாம் வகுப்புப் பாடத்துக்கு வருவோம். சூடான காற்று மேலே போகும். வெளியே மைனஸ் 30, உள்ளே 21 என்றால் வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். சூடான காற்று மேல்மாடியின் இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழே எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் வீடு காற்றை உறிஞ்சும். கேரேஜ் கதவின் ஓரமும், குழாயும் வயரும் சுவரில் நுழைகிற ஓட்டைகளும் அந்த இடுக்குகள்தாம். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு பலமாக உறிஞ்சும்.

இன்னொன்று, குளிர்ந்த இன்ஜின்தான் மிக அதிகமாக நஞ்சைக் கக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கருவி சூடேறிய பிறகுதான் சரியாக வேலை செய்யும். ஆக, எந்த நாளில் காரைச் சூடு பண்ணத் தோன்றுகிறதோ, அந்த நாளில்தான் புகையும் அதிகம், வீடு உறிஞ்சுவதும் அதிகம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரிய கதவைத் திறந்து வைத்து இரண்டே நிமிடம் காரை ஓடவிட்டாலும் கேரேஜில் கார்பன் மோனாக்சைடு ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. கார் வெளியே போய் மணிக்கணக்கான பின்னும் மிச்சம் இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும். மூக்கை நம்ப முடியாது. அலாரத்தைத்தான் நம்ப வேண்டும். அது போக, பெட்ரோல் ஆவியில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. ஒட்டிய கேரேஜ் உள்ள வீடுகளின் உட்காற்றில் பென்சீன் கூடுதலாக இருப்பதைக் கனடா சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது.

இதைக் கேட்டதும் மகன், "அப்ப தனி கேரேஜே இருக்கட்டும்மா, பாதைக்கு உப்புப் போட்டுக்கலாம்" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்கிறேன். தனி கேரேஜின் ஆபத்தை யாராலும் அடக்க முடியாது. வானம் கொட்டும், உருகும், உறையும். எத்தனை முறை வழித்தாலும் ஒரு நாள் வழுக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணின் கால் ஒவ்வொரு நாளும் கவனமாக இருக்க முடியாது. ஒட்டிய கேரேஜின் ஆபத்து மனிதப் பழக்கத்தால் வருவது. பழக்கத்தை மாற்றலாம். நாற்பது பிள்ளைகளை வரிசையில் நடக்கவைத்தவள் நான், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

"எங்களுக்காக வாங்காதே, நாங்கள் ஆறு மாத விருந்தாளி. உன் பெண்டாட்டிக்காக வாங்கு" என்று சொல்லித்தான் ஒட்டிய கேரேஜுக்கு ஓட்டுப் போட்டேன். பார்த்த வீட்டில் கேரேஜுக்கு மேலே பெரிய அறை ஒன்று, மூன்று பக்கமும் ஜன்னல். "இது அப்பா அம்மாவுக்கு" என்றான் மகன். அதில் யாரும் தூங்கக் கூடாது என்றேன். கீழே சூடில்லாத இடம் என்பதால் தரையும் சில்லென்று இருக்கும். பகலில் பேத்தி விளையாடட்டும், நாங்கள் பின்பக்கச் சின்ன அறையில் படுத்துக்கொள்கிறோம். அந்த அறையில் பீரோவைத் திறந்தால் கட்டில் இடிக்கும் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

அடுத்த குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் இருந்தோம். நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை.

1. கேரேஜுக்குள் இன்ஜின் சும்மா ஓடக் கூடாது. ஸ்டார்ட் பண்ணிய உடனே வெளியே எடுத்து, பெரிய கதவை மூடிவிட்டுத்தான் சூடு பண்ணுவது எல்லாம். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும் வசதியை, வண்டி உள்ளே இருக்கும்போது யாரும் தொடுவதில்லை. இன்ஜினை இளக்கிவைக்க பிளாக் ஹீட்டர் இருக்கிறது. அது புகையாது.

2. வண்டி உள்ளே வந்ததும் முதலில் இன்ஜினை அணை. பெரிய கதவை உடனே மூடாதே. ஐந்து நிமிடம் திறந்திருக்கட்டும். வீட்டுப்பக்கக் கதவு இறங்கும் நேரம் மட்டும் திறக்கட்டும்.

3. நடுக்கதவு தெருக்கதவு. கனடாவின் கட்டட விதிப்படி அது இறுக்கமாகப் பொருந்த வேண்டும், ஓரங்களில் காற்றுத்தடுப்புப் பட்டை இருக்க வேண்டும், தானாக மூடிக்கொள்ள வேண்டும், தூங்கும் அறைக்குள் திறக்கக் கூடாது. பை தூக்க வசதி என்று அதற்குக் கல் முட்டுக்கொடுத்து வைப்பதை நானே பல வீட்டில் பார்த்திருக்கிறேன். எடுங்கள் அந்தக் கல்லை.

4. ஊதுபத்திப் பரீட்சை. நல்ல குளிர் நாளில் வீட்டுப் பக்கம் நின்று, மூடிய நடுக்கதவின் ஓரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். பக்கத்தில் பெட்ரோல் டப்பா எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை வீட்டுக்குள் தள்ளப்பட்டால் அங்கே இடுக்கு இருக்கிறது. எங்கள் கதவில் கீழ் மூலையில் இருந்தது. பட்டை மாற்றினோம். கேரேஜுக்குள் வீட்டு ஹீட்டரின் காற்றுக்குழாய் எதுவும் திறந்திருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள்.

5. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம். அங்கே விதியே அப்படித்தான், ஒவ்வொரு படுக்கையறைக் கதவிலிருந்தும் 5 மீட்டருக்குள். அதற்கும் ஆயுள் உண்டு, பின்புறம் தேதி போட்டிருக்கும். அவ்வப்போது ஒற்றைக் கீச்சு என்றால் பேட்டரி. நான்கு நான்காகக் கத்தினால் ஸ்டூல் தேடாதீர்கள், வெளியே ஓடுங்கள்.

மின்சார கார் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு டீச்சர் என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. புகை போய்விடும், பெரிய பாரம் இறங்கும். பெட்ரோல் டப்பாவும் பெயின்டும் பனி தள்ளும் எந்திரமும் இருக்கும்வரை நடுக்கதவு தெருக்கதவுதான்.

தனியாக இருக்கிறவர்கள், நல்ல கால் உள்ளவர்கள், கேரேஜில் மரவேலையும் பெயின்டும் பண்ணுகிறவர்கள் தனி கேரேஜ் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். தீ வந்தாலும் அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். எங்கள் அப்பாவின் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கை இப்போது ஒரு கதவில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

போன மார்ச்சில் ஒரு நாள் மைனஸ் 31. மருமகள் பணி முடித்து வந்து, இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். கோட்டில் பனி இல்லை. பேத்தி ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பாட்டி, தெருக்கதவு மூடிடுச்சு" என்றாள். எனக்கு அது போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்று ராத்திரியே எழுந்துபோய் அலாரத்தின் பின்புறத் தேதியைப் பார்த்துவிட்டு, இங்கே கமென்டில் "பார்த்துவிட்டேன் டீச்சர்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து ரொம்ப நாளாகிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.
அன்புடன்,
உங்கள் டீச்சர்